தாம்பாளத்தில் வெயில்

ஜூலை 2, செவ்வாய்

பி.டி. மிஸ் என்றால் சும்மா இருப்பவள் என்று இந்தப் பள்ளியில் பொருள். விருந்தாளிக்குச் சால்வை வாங்குவது, பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்குவது, பஸ்ஸில் ஏறாமல் நழுவியவனைத் தேடுவது எல்லாம் என் தலையில். இன்று இன்னொன்று சேர்ந்தது. முதல்வர் பரிமளா மேடம் கூப்பிட்டு, கண் ஆஸ்பத்திரி ஆட்கள் வந்திருக்கிறார்கள், நீங்கள்தான் ஃப்ரீயாக இருக்கிறீர்களே, கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். என் பீரியடையெல்லாம் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்துவிட்டு, ஃப்ரீயாக இருக்கிறேன் என்று என்னிடமே சொல்கிறார்.

கோவையிலிருந்து வந்த பெண்ணின் பெயர் பெனாசிர். கண் பரிசோதிப்பவள். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு பொத்தான் கொடுத்தாள். கோட்டுப் பொத்தான் அளவு, நடுவில் ஒரு கண்ணாடிப் புள்ளி. போட்டிருப்பவர் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அது நாள் முழுக்கக் குறித்துக்கொண்டே இருக்குமாம். வெளி வெளிச்சத்தில் ஓடியாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். எவ்வளவு வெளிச்சம் போதும் என்று சொல்ல, முதலில் சரியாக அளக்கிற கருவி வேண்டும். இது சரியாக அளக்கிறதா என்று பார்க்கத்தான் இரண்டு வாரச் சோதனை.

மூக்குக் கண்ணாடியின் காலில் மாட்டுகிற இன்னொரு வகையும் உண்டு. கொக்கி என்று பெயர் வைத்துவிட்டோம். அது ஒன்றே ஒன்றுதான் கொண்டுவந்திருந்தாள். வகுப்பிலேயே தடித்த கண்ணாடி சௌடேஸ்வரியுடையது என்பதால் பொத்தானோடு கொக்கியும் அவளுக்கே போனது. பொத்தானா கொக்கியா, எது உண்மை சொல்கிறதோ அதை மற்ற பள்ளிகளுக்கு வாங்குவார்களாம்.

என் வேலை சுலபம். ஒவ்வொரு பீரியடும் வகுப்பு எங்கே இருக்கிறது என்று அவர்கள் கொடுத்த கைபேசியில் அழுத்த வேண்டும்: வகுப்பறை, வராந்தா, மைதானம். நான் சொல்வதும் கருவி சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கும் ஒரு பொத்தான் குத்திவிட்டாள்.

நாலாவது பீரியட் 9 'பி'க்கு பி.டி. குழந்தைவேல் சார் வந்து இயற்கணிதம் நடத்தினார். 'வகுப்பறை' என்று அழுத்தினேன்.

ஜூலை 3, புதன்

அடையாள அட்டை பொத்தான் மேல் தொங்கி மறைக்கிறது. கழுத்துப் பட்டையைச் சுருக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன், ஒவ்வொரு பிள்ளைக்கும். பெனாசிர், இதை நாங்கள் யோசிக்கவே இல்லையே அக்கா என்றாள். அக்காவாகிவிட்டேன்.

பால் பாத்திரத்தை இடக்கையால் தட்டிவிட்டேன். அடுப்பு மேடை அகலம் போதாது. வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்ததும் பலகை போடச் சொல்ல வேண்டும்.

ஜூலை 4, வியாழன்

வாரத்துக்கு இரண்டு பி.டி., செவ்வாயும் வியாழனும். இன்றும் கணக்குதான்.

வகுப்பு வாசலில் நின்று குழந்தைவேல் சாரைப் பார்த்தேன். நல்ல மனிதர், கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை, என் பீரியடை எடுத்துக்கொள்வதைத் தவிர. "போர்ஷன் முடியலீங்க மிஸ்" என்றார். இவர் போர்ஷன் முடிந்து நான் பார்த்ததே இல்லை.

சௌடேஸ்வரி கடைசி பெஞ்சில் உயரத்துக்காக உட்கார வைக்கப்பட்டிருக்கிறாள். பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள். வருடா வருடம் பவர் ஏறுகிறது. வீட்டில் தறிச் சத்தத்துக்குள்ளேயே படிப்பு. விடுமுறையில் வெளியே விட்டால் கறுத்துப் போய்விடுவாள் என்று அம்மா விடுவதில்லை. பந்தைக் கண்டால் பயம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால் பயம் என்று எனக்குத் தெரியும். பழகினால் போய்விடும். பழக மைதானம் வேண்டுமே.

மத்தியானம் பெனாசிர் ஒரு வேடிக்கை காட்டினாள். கையடக்க மீட்டர் ஒன்றை 9 'பி'யில் டியூப் லைட்டுக்குக் கீழே நீட்டினாள், முந்நூறு காட்டியது. வேப்பமர நிழலில் நீட்டினாள், பத்தாயிரத்தைத் தாண்டியது. நிழலில். எனக்கு இரண்டு இடமும் வெளிச்சமாகத்தான் தெரிந்தது.

"கண்ணு அப்படித்தாங்கக்கா. எது கிடைச்சாலும் போதும்னு சமாளிச்சுக்கும். குறையுறத நமக்குச் சொல்லவே சொல்லாது. அதனாலதான் மெஷின்" என்றாள்.

ஆசிரியர்களுக்கும் இலவசமாகக் கண் பார்க்கிறார்களாம். எனக்கு நேரமில்லை என்றேன்.

ஜூலை 8, திங்கள்

முதல் வார எண்கள் வந்தன. பொத்தானும் கொக்கியும் நானும் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறோம்: 9 'பி' பள்ளிக்குள் நுழைந்ததிலிருந்து வீட்டுக்குப் போகிறவரை வெளிச்சம் பார்த்தது காலை பிரேயரில் மட்டும். பெனாசிர் அதைப் பரிமளா மேடத்திடம் நல்ல மனதோடு காட்டினாள். கருவிகள் நன்றாக வேலை செய்கின்றன என்று சொல்லத்தான் காட்டினாள், பாவம்.

அவள் போனதும் எனக்கு அழைப்பு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வைக்கப்போகும் விளம்பரப் பலகையில் 'கண் நலம் காக்கும் பள்ளி' என்று போட மேடம் ஏற்கனவே படம் வரையச் சொல்லிவிட்டாராம். போனது யூனிட் டெஸ்ட் வாரம், அதனால் எண்கள் அப்படி, இந்த வாரத்தைக் கணக்கில் எடுங்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போனில் சொல்லிவிட்டார். இந்த வாரம் பி.டி. பீரியடில் கருவிகள் மைதானத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டோர் ரூமைத் திறந்து த்ரோபால் இரண்டுக்கும் காற்றடித்தேன். வலையில் கிழிசலைத் தைத்தேன்.

திரும்பும்போது இடது பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர்க்காரன் ஹாரன் அடிக்காமல் வந்து உரசினான். திருச்செங்கோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது யார் என்று தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

மேடம் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை. கருவிகள் மைதானத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். பிள்ளைகள் என்று சொல்லவில்லை.

பந்தோடு 9 'பி'க்குப் போனேன். வகுப்புத் தலைவி எல்லோருடைய பொத்தானையும் கழற்றி, ஆண்டுவிழாவுக்குக் குங்குமம் சந்தனம் வைத்து நீட்டுகிற பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைவேல் சாரின் யோசனையாம். போர்ஷனும் கெடாது, ஆராய்ச்சியும் கெடாது. தாம்பாளத்தை என் கையில் கொடுத்தார்கள்.

மைதானத்தின் நடுவில் நாற்காலி போட்டு அதன் மேல் வைத்தேன். வடகம் காயப்போட்டதைப் போலக் காய்ந்தன. நான் பக்கத்தில் நின்றேன். காக்கா தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதாம்.

சௌடேஸ்வரியின் பொத்தான் தட்டில் இருந்தது. கொக்கி இல்லை. கண்ணாடியைக் கழற்றினால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் அவள் மாட்டேன் என்றுவிட்டாள். குழந்தைவேல் சாரும், ஒன்று போனால் போகிறது என்றாராம்.

கைபேசியில் 'மைதானம்' என்று அழுத்தினேன். தாம்பாளம் மைதானத்தில்தானே இருக்கிறது.

ஜூலை 10, புதன்

அவர் நாக்பூர் பக்கத்திலிருந்து போன் செய்தார். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் மூன்று மாதத்துக்கு வெறும் குரல்தான். பள்ளியில் என்ன விசேஷம் என்றார். வெயிலைக் காவல் காக்கிறேன் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்

மறுபடியும் தாம்பாளம். ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்டது. தட்டு பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் கூசியது. எட்டாம் வகுப்புப் பையன்கள் தண்ணீர் குடிக்க வந்தவர்கள், மிஸ் என்ன விற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு ஓடினார்கள்.

இருபது வயதில் மாவட்ட அளவில் நானூறு மீட்டர் ஓடியவள் நான். ஜெயக்கொடி என்று மைக்கில் என் பெயரைச் சொன்னால் மேடை வரை விசில் பறக்கும். இன்று பொத்தானுக்கு வெயில் காட்டுகிறேன். அசிங்கமாக இருந்தது. எழுதும்போதும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஜன்னல் வழியாக 9 'பி' தெரிந்தது. சௌடேஸ்வரி புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 12, வெள்ளி

ஸ்டாஃப் ரூம் படியில் இடறி முட்டி சிராய்ப்பு. படிக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்வது.

ஜூலை 15, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

டாக்டர் நல்லசிவம் நேரில் வந்தார். இந்த ஆராய்ச்சிக்கு அவர்தான் தலைவர். ஸ்மார்ட் கிளாஸ் அறையில் திரையைப் போட்டு இரண்டாவது வாரத்தைக் காட்டினார். மேடம், குழந்தைவேல் சார், பெனாசிர், நான். செவ்வாயும் வியாழனும் நாலாவது பீரியடில் எல்லாப் பொத்தானின் கோடும் ஒன்றாக மேலே எழும்பி, ஒன்றாக நின்று, ஒன்றாக இறங்கியது. இவ்வளவு ஒற்றுமையை எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை என்று டாக்டர் மகிழ்ந்து போனார். மைதானம் என்று ஜெயக்கொடி மிஸ் அழுத்தியதற்கும் அப்படியே பொருந்துகிறதாம். என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எனக்கு உடம்பு கூசியது.

அப்புறம் ஒரே ஒரு கோட்டைக் காட்டினார். சௌடேஸ்வரியின் கொக்கி. எல்லாம் மேலே போயிருக்க, அது மட்டும் தரையிலேயே கிடந்தது. அதே பிள்ளையின் பொத்தான் மைதான வெயிலைச் சொல்கிறது, கொக்கி இருட்டறையைச் சொல்கிறது. ஆகவே கொக்கி பழுது. இந்த வகையை விட்டுவிட்டு எல்லாப் பள்ளிகளுக்கும் பொத்தானையே வாங்கச் சொல்லி எழுதப்போவதாகச் சொன்னார். மேடம் தலையாட்டினார். விளம்பரப் பலகை பற்றிப் பேச்சை எடுத்தார்.

எனக்கு மற்ற பள்ளிகள் கண்ணில் தெரிந்தன. ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு தாம்பாளம். பக்கத்தில் ஒரு பி.டி. மிஸ் காக்கா விரட்டிக்கொண்டு. உள்ளே பிள்ளைகள். வெளிச்சம் ஏராளமாகக் கிடைத்ததாகக் கோடுகள் சொல்லும். அப்புறமும் பிள்ளைகளுக்குக் கண்ணாடி தடிக்கும். வெளிச்சத்தால் ஒன்றும் பயனில்லை, பி.டி. பீரியட் தேவையே இல்லை என்று முடித்துவிடுவார்கள்.

எழுந்தேன். "சார், அந்தக் கொக்கி பழுதில்லீங்க. அது ஒண்ணுதான் பிள்ளை மேல இருந்துச்சு" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்துவிட்டது. "ஜெயக்கொடி மிஸ், உக்காருங்க" என்றார்.

"இத்தனை வருஷமா நின்னுட்டேதானுங்க மேடம் இருக்கறேன். நின்னே சொல்லிப்போடறேன்."

தாம்பாளத்தைச் சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன். காக்காயையும் விடவில்லை. மைதானம் என்று அழுத்தியது என் விரல்தான், அதுவும் பொய் என்று சொன்னேன். பிள்ளைகள் ஒரு நிமிடம்கூட வெளியே வரவில்லை. கண்ணாடியைக் கழற்ற முடியாததால் ஒரு பிள்ளையின் கருவி மட்டும் உள்ளே இருந்தது, அது மட்டும் உண்மை சொன்னது, அதைத்தான் நீங்கள் குப்பையில் போடப்போகிறீர்கள் என்றேன். குரல் மைதானத்தில் கூப்பிடுகிற அளவுக்கு ஏறிவிட்டது. இறக்கவில்லை.

மேடம், மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லை என்றார். டாக்டர் குழந்தைவேல் சாரைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தார். அவர் வாய் திறப்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "ஆமாங்க டாக்டர். தாம்பாளம் நாஞ்சொன்னதுதான்" என்றார்.

பெனாசிர் வராந்தா வரை கூடவே வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "அக்கா, ஸ்க்ரீனைப் பாக்கறப்ப நீங்க தலைய இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. எப்ப இருந்துங்கக்கா இப்படி?" என்று கேட்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன்.

"மெஷின் சொன்னத நம்புங்கன்னு அத்தனை பேரு முன்னாடி சண்டை போட்டீங்க. உங்க கண்ணுக்கு மட்டும் வேற நியாயமா?"

பஸ் ஏறி வந்துவிட்டேன். சின்னப் பெண். வாய் அதிகம்.

ஜூலை 16, செவ்வாய்

மெமோ. பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காக என் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். விளக்கம் வரும்வரை ஸ்டாஃப் ரூமை விட்டு வெளியே போகக் கூடாது. பி.டி. மிஸ்ஸை அறைக்குள் அடைப்பது பொருத்தமான தண்டனைதான்.

நாலாவது பீரியட் 9 'பி'யில் கணக்கு. மைதானத்தில் தாம்பாளமும் இல்லை, பிள்ளையும் இல்லை.

ஜூலை 18, வியாழன்

சௌடேஸ்வரியின் அப்பா பள்ளிக்கு வந்திருந்தார். மகள் சொன்னதைக் கேட்டு, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். வேட்டியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைத் தேடி ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, பாப்பா வெயிலில் நின்றால் கண்ணுக்கு நல்லதா என்று மட்டும் கேட்டார். ஏற்கனவே கிட்டப்பார்வை வந்துவிட்ட பிள்ளைக்கு எவ்வளவு உதவும் என்று டாக்டர்களுக்கே இன்னும் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் அளக்கிறார்கள், ஆனால் உள்ளேயே வைத்திருப்பது நல்லதில்லை என்றேன். "அப்பன்னா வெளிய உடுங்க மிஸ். கறுத்தாக் கறுக்கட்டும். அவங்கம்மாகிட்ட நாஞ்சொல்லிக்கறேன்" என்றார்.

இதற்கப்புறமும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தால் நான் மனுஷியே இல்லை.

ஜூலை 20, சனி

கோவை போய்வந்தேன். பெனாசிர் வாசலிலேயே நின்றிருந்தாள்; வருவேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் கையில் கொடுத்த விசையை அழுத்த வேண்டும். இடக்கண்ணில் ரொம்ப நேரம் புள்ளியே வரவில்லை. மெஷின் பழுது என்று சொன்னேன். நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. சொட்டு மருந்து, ராத்திரி ஒரு சொட்டு, இரண்டு கண்ணிலும், நாள் தவறாமல். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

அடுப்பு மேடை அகலம் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

அவருக்குப் போனில் சொன்னேன். பின்னால் ரிக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வேலையை விட்டுவிடுகிறாயா என்றார். விடுவதாக இருந்தால் அவர்கள் விடச் சொல்லட்டும், நானாக விடமாட்டேன் என்றேன். அது சரி, நீ எப்போது சொன்ன பேச்சைக் கேட்டாய் என்றார். அழுதேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 22, திங்கள்

மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்தேன். "நடவடிக்கை எடுக்கலாம். செவ்வாய் நாலாவது பீரியட் முடிந்த பிறகு எடுக்கவும்."

ஜூலை 23, செவ்வாய்

காலையில் பெனாசிர் போன் செய்தாள். கொக்கியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். பிள்ளை மேலிருந்து சுலபமாகக் கழற்ற முடியாத கருவியே நம்பத் தகுந்தது என்று டாக்டர் எழுதிவிட்டார். எங்கள் பள்ளியில் மேற்கொண்டு சோதனைக்கு மேடம் அனுமதிக்கவில்லை. பொத்தான்களைத் திருப்பி அனுப்பியாயிற்று. என்னுடையதைத் தவிர. கேட்டால் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்வேன்.

நாலாவது பீரியட் மணி அடித்ததும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு 9 'பி'க்குப் போனேன். குழந்தைவேல் சார் பலகையில் பாதி எழுதியிருந்தார்.

"சார், இது என்னோட பீரியடுங்க."

அவர் போர்ஷன் என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மேடம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றார். உங்கள் பேரை இழுக்கமாட்டேன், நான் கூட்டிக்கொண்டு போய்விட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு, நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

பிள்ளைகள் நம்பவில்லை. தட்டை எடுக்கவா மிஸ் என்றாள் வகுப்புத் தலைவி. இன்றைக்கு நீங்களேதான் காய வேண்டும் என்றேன். அப்புறம் வராந்தாவே அதிர்ந்தது.

ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது. வலை கட்டினோம். முதல் மாடியில் பரிமளா மேடம் வந்து நின்றார். ஸ்டாஃப் ரூமில் இருக்க வேண்டியவள் நடு மைதானத்தில் நிற்பதை நன்றாகப் பார்க்கட்டும் என்று வெயிலிலேயே நின்றேன். கையைக் காட்டிக் கூப்பிட்டார். பார்த்தேன். விசில் அடித்து ஆட்டத்தை ஆரம்பித்தேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. இருந்தால் வியாழனும் இதேதான்.

சௌடேஸ்வரி ஆட்டத்தில் சேராமல் ஓரமாக நின்றாள். பந்து வருவது தெரியாது மிஸ் என்றாள். எனக்கும் இடது பக்கம் வருவது தெரியாது என்றேன். யாரிடமும் சொல்லாததை இந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வந்து என் இடது பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இரண்டு பேரும் ஆடினோம். ஆட்டம் சூடு பிடித்தது. மேடம் இறங்கி வருவதாக யாரோ சொன்னார்கள். நான் திரும்பவில்லை.

"மிஸ், இடது பக்கம்" என்றாள் சௌடேஸ்வரி.

கையை நீட்டினேன். பிடித்துவிட்டேன்.